வலிப்பு நோய் ரிசேர்ச் நம்மட நாட்டில எப்பிடிப் போகுது? அடிக்கடி கேக்கிற கேள்விகள்

என்ட தம்பிக்கு ஒன்பது வயசில இருந்து வலிப்பு. அவன கிளினிக்குக்கு கூட்டிக்கொண்டு போற வேல எனக்குத்தான், அப்பிடிப் போய்ப் போய் வாங்கில குந்தி இரிக்கேக்க போன்ல வாசிக்கத் தொடங்கினதுதான் இந்த ஆராய்ச்சிப் பேப்பர் பைத்தியம், மறுகா கொஞ்சக்காலம் ஒரு ஸ்டடிக்கு தரவு சேக்கிற வேலையும் இலங்கையின்ட கிழக்குக் கரையில கல்லடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை எண்டு திரிஞ்சு செய்தன். நான் டொக்டர் இல்ல, அத முதலே சொல்லிப்போட்டன். தெரிஞ்ச ஆக்கள் திரும்பத் திரும்பக் கேக்கிறதுகள ஒரே இடத்தில எழுதி வைக்கிறன்.

கிளினிக்கல் ரிசேர்ச் எண்டா என்ன? எலிக்கு ஊசி போடுறதா?

இல்ல, அது வேற. நோயுள்ள மனிசர வச்சு செய்யிறதுதான் இது. எத்தன பேருக்கு இரிக்கு, எந்த மருந்து கேக்குது, எது கேக்குதில்ல, பிள்ளத்தாச்சியா இரிக்கேக்க எந்தக் குளிசை ஆபத்து, நிப்பாட்டினா திரும்ப வருமா, இப்பிடியான கேள்விகள்.

உலகத்தில கிட்டத்தட்ட 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இரிக்கு, அதில 80 வீதம் நம்மளப்போல வசதி குறைஞ்ச, நடுத்தர நாடுகளில. ஒழுங்கா கண்டுபிடிச்சு ஒழுங்கா மருந்து குடுத்தா 70 வீதமான ஆக்கள் வலிப்பில்லாம இரிக்கலாம் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நோய் கூட இரிக்கிற இடம் ஒண்டு, ஆராய்ச்சி கூட நடக்கிற இடம் வேறொண்டு. நான் பேப்பர் தேடி வாசிக்கத் தொடங்கினதே இதாலதான்.

இலங்கையில இது எப்ப இருந்து நடக்குது?

நேத்து முந்தநாள் தொடங்கினது இல்ல. பேராதனைப் பல்கலைக்கழகத்தில இருந்த பேராசிரியர் நிமல் சேனாநாயக்கட பேர கட்டாயம் சொல்லணும். 1987ல அவர் ஒரு பேப்பர் எழுதினார், கடதாசி (சீட்டு) விளையாடேக்க, டாம் (கட்டம் போட்ட பலகையில காய் வெட்டுற விளையாட்டு) விளையாடேக்க வலிப்பு வாற ஆக்களப் பத்தி. அதே வருசம் ரூபிக் கியூப் திருப்பேக்க வலிப்பு வந்ததப் பத்தியும் எழுதினார். வாசிச்சா சிரிப்பு வரும், ஆனா யோசிச்சுப் பாருங்க, வந்த நோயாளிட்ட "அந்த நேரம் நீ என்ன செய்துகொண்டு இருந்தாய்" எண்டு பொறுமையா கேட்டதாலதான் அது தெரிய வந்தது.

அதவிட முக்கியமானது சாப்பிடேக்க வாற வலிப்பு. சோத்துக் கோப்பைக்கு முன்னால குந்தி நாலஞ்சு வாய் வச்சதோட பார்வ ஒரு பக்கம் நிக்கும், கை ஆடும். உலகத்தில வேற இடங்களில இது அரிதா வாறது, இலங்கையில கூடக் கண்டிருக்காங்க. 1990ல அவர் அதப் பத்தியும், ஒரே குடும்பத்தில ஒண்டுக்கு மேல ஆக்களுக்கு அது வாறதப் பத்தியும் எழுதினார். தரவு சேக்கப் போன ஒரு வீட்டில ஒரு அம்மா "சோத்தில ஆரோ என்னவோ வச்சிட்டாங்க மகள்" எண்டு எனக்குச் சொன்னா. அந்தப் பேப்பர் வாசிச்சிருந்தபடியாத்தான் "இதுக்கு ஒரு பேர் இரிக்கு அம்மா, டொக்டரிட்ட சாப்பாட்டு நேரத்தயும் சொல்லுங்க" எண்டு சொல்ல முடிஞ்சது.

கண்டிப் பக்கம் செய்த கணக்கெடுப்பில ஆயிரம் பேருக்கு கிட்டத்தட்ட 9 பேர் எண்டு வந்தது. அந்த வீதத்த அப்பிடியே இஞ்ச போட்டுப் பாருங்க, 2012 குடிசன மதிப்பீட்டில மட்டக்களப்பு மாவட்டம் அஞ்சேகால் லட்சம் சனம், அப்ப 4,700 பேர் மட்டில வரும், அம்பாறை ஆறரை லட்சம், 5,800 பேர் மட்டில. இது சும்மா பெருக்கிப் பாத்த கணக்கு, எண்ணிப் பாத்தது இல்ல. எண்ணிப் பாக்கணும் எண்டதுதான் என்ட வாதமே.

இப்ப ஆராய்ச்சி கூடுதா குறையுதா?

கூடுது. ஆனா எண்ணிக்கைய வச்சு துள்ளாதீங்க.

எப்பிடி எண்ணுறாங்க எண்டு பாருங்க. பப்மெட் எண்டு ஒரு தேடுதளம் இரிக்கு, அதில எபிலெப்சி, ஸ்ரீலங்கா எண்டு ரெண்டு சொல்லப் போட்டா ஒரு லிஸ்ட் வரும். அந்த லிஸ்ட்டில மெல்பேர்ன்ல இருந்து எழுதின இலங்கை டொக்டரும் வருவார், நூறு நாட்டு ஆக்கள் சேந்து எழுதின பெரிய பேப்பரில நடுவில ஒரு இலங்கைப் பேர் இருந்தா அதுவும் வரும். மறுபக்கம், நம்மட நாட்டு ஜேர்னல்கள் கனக்க பப்மெட்டில இல்ல, ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் எண்ட தளத்தில தேடினாத்தான் கிடைக்கும். அப்ப ஒரே நாட்டுக்கு ரெண்டு பேர் ரெண்டு விதமா எண்ணி ரெண்டு கணக்கு சொல்லலாம், ரெண்டு பேரும் பொய் சொல்லல்ல.

ஏன் கூடுது எண்டதும் முக்கியம். 1980ல கொழும்பில பட்டப்பின் மருத்துவ நிறுவகம் வந்தது, விசேட வைத்தியரா வாறதுக்கு படிக்கிற டொக்டர்மார் அதுக்குள்ள ஏதாவது ஆராய்ச்சி செய்யணும். பல்கலைக்கழகத்தில விரிவுரையாளருக்கு பதவி உயர்வுக்கு பேப்பர் வேணும். இதெல்லாம் நல்லதுதான், ஆனா வருசக்கணக்கா பின்தொடர வேண்டிய நோய்க்கு ஆறு மாசத்தில முடிக்கிற ஸ்டடிதான் கனக்க வரும். ஒரு ஆஸ்பத்திரி, ஒரு கிளினிக், நூறு நோயாளி, ஒரு கேள்விக்கொத்து. இல்லாட்டி கேஸ் ரிப்போர்ட், அதாவது ஒரே ஒரு ஆளுக்கு வந்த அதிசயமான ஒண்டப் பத்தி எழுதுறது. எண்ணேக்க ஒரு ஆளப் பத்தின பேப்பரும் ஒண்டு, ஆயிரம் ஆள பத்து வருசம் பாத்த பேப்பரும் ஒண்டுதான்.

சரி, தரம் எண்டா எப்பிடிப் பாக்கிறது?

பாடப்புத்தகத்தில ஒரு படிக்கட்டு காட்டுவாங்க. கீழ கேஸ் ரிப்போர்ட், மேல போகப் போக பின்தொடரும் ஸ்டடி, அதுக்கு மேல குலுக்கல் முறையில ஆக்களப் பிரிச்சு ரெண்டு மருந்த ஒப்பிடுற ட்ரயல், உச்சியில அப்பிடி கன ட்ரயல்களச் சேத்துப் பாக்கிறது. இந்தப் படிக்கட்ட நான் நம்புறன், ஆனா சாமி மாதிரிக் கும்பிட மாட்டன். மேல் படியில நிக்கிற மோசமான பேப்பரும் இரிக்கு, சேனாநாயக்கட சாப்பாட்டு வலிப்பு கீழ் படியில நிக்கிற நல்ல வேல.

நான் ஒரு பேப்பர எடுத்தா முதல்ல பாக்கிறது உள்ள எடுத்த ஆக்களுக்கு உண்மையில வலிப்பு நோய்தானா எண்டு. 2014ல சர்வதேச வலிப்புச் சங்கம் குடுத்த வரையறைப்படி, காரணம் எதுவும் தூண்டாம (சாப்பாட்டு வலிப்பு மாதிரி ஒரு செய்கையோட வாறதும் இதில சேத்தி) 24 மணித்தியாலத்துக்கு மேல இடைவெளியில ரெண்டு தரம் வந்திருக்கணும், இல்லாட்டி ஒருக்கா வந்து திரும்ப வாறதுக்கு 60 வீதத்துக்குக் குறையாத வாய்ப்பு இரிக்கணும், இல்லாட்டி குறிப்பிட்ட ஒரு வலிப்பு வகை எண்டு கண்டுபிடிச்சிருக்கணும். மயங்கி விழுந்ததயும், காய்ச்சல் வலிப்பயும், மனசில இருந்து வாற நடுக்கத்தயும் ஒண்டா அள்ளிப்போட்டு "நூறு நோயாளி" எண்டு எழுதினா அந்த நூறுக்கு அர்த்தம் இல்ல. மறுகா பாக்கிறது, தொடக்கத்தில எத்தன பேர், முடிவில எத்தன பேர், இடையில காணாம போன ஆக்களுக்கு என்ன நடந்தது எண்டு எழுதியிரிக்கா.

இதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் கிளாஸ்கோவில செய்தது, 2000ல குவான், புரோடி எண்ட ரெண்டு டொக்டர்மார் எழுதினது. 525 நோயாளிகள வருசக்கணக்கா பாத்தாங்க. முன்னம் மருந்தே எடுக்காத ஆக்களில முதல் மருந்தோடயே 47 வீதம் பேருக்கு வலிப்பு நிண்டுட்டு, எல்லாரயும் சேத்து மொத்தமா 63 வீதம். முதல் மருந்தும் ரெண்டாவது மருந்தும் கேக்கல்ல எண்டா மூண்டாவது கேக்கிற வாய்ப்பு நல்லாக் குறைவு. ரெண்டு மருந்து சரியா குடுத்தும் கேக்காட்டி "மருந்துக்கு அடங்காத வலிப்பு" எண்டு 2010ல வரையறை எழுதினாங்க, இந்த மாதிரி வேலைதான் அதுக்கு அடித்தளம். அங்க பெரிய மிசினை விட வேலை செய்தது பொறுமைதான்.

பெரிய வெளிநாட்டு ஜேர்னல்ல வந்தா தரமானது எண்டுதானே?

அப்பிடி இல்ல. நம்மட சிலோன் மெடிக்கல் ஜேர்னல் 1887ல இருந்து வருது, அதில நல்ல வேலையும் வந்திரிக்கு. இங்கிலீஸ் பேரோட காசு வாங்கிக்கொண்டு எதையும் போடுற ஜேர்னலும் இரிக்கு.

நம்மட நாட்டில உலகம் பாக்கிற மாதிரி ஒரு ட்ரயல் நடந்திருக்கா?

ஓம், நடந்தது. இதச் சொல்லேக்க எனக்கு கொஞ்சம் பெருமை வரும்.

கைக்குழந்தைகளுக்கு வாற வெஸ்ட் சின்ட்ரோம் எண்டு ஒரு கொடுமையான வலிப்பு இரிக்கு. பிள்ள நித்திரையால எழும்பினதோட தலையும் கையும் மடங்கி மடங்கி வரும், தாய்மார் வயித்துக்குத்து எண்டுதான் நினைப்பாங்க, ஓமத்தண்ணி குடுப்பாங்க. கெதியா நிப்பாட்டாட்டி மூளை வளர்ச்சி கெட்டுப்போகும். இதுக்கு ஏசிடிஎச் எண்ட ஊசி ஒரு மருந்து, பிரெட்னிசோலோன் குளிசை இன்னொண்டு. ஊசி விலை கூட, குளிசை மலிவு, எல்லா ஆஸ்பத்திரியிலயும் இரிக்கு. கொழும்புப் பல்கலைக்கழக பேராசிரியர் ஜிதாங்கி வணிகசிங்கவும் கூட இருந்த ஆக்களும் 97 குழந்தைகள குலுக்கல் முறையில பிரிச்சு, 48 பேருக்கு குளிசை, 49 பேருக்கு ஊசி குடுத்துப் பாத்தாங்க. 14ம் நாள் பாக்கேக்க குளிசை குடுத்த பக்கம் 58 வீதம் பேருக்கு வலிப்பு நிண்டிருந்தது, ஊசிப் பக்கம் 37 வீதம்.

97 எண்டா சின்ன ட்ரயல் எண்டு நினைக்காதீங்க. பிரித்தானியாவில 2004ல வந்த, எல்லாரும் மேற்கோள் காட்டுற வெஸ்ட் சின்ட்ரோம் ட்ரயலில 107 குழந்தைகள். இது அரிதா வாற நோய், ஆள் சேக்கிறதே பெரும்பாடு. எனக்குப் பிடிச்சது அந்தக் கேள்வி, "மலிவான குளிசை காணுமா?" எண்டது நம்மட வார்ட்டில இருந்து வந்த கேள்வி. பதில் உலகத்துக்கே உதவினது.

இன்னொரு நல்ல காரியம், 2006ல இலங்கை மருத்துவ ட்ரயல் பதிவேடு தொடங்கினது. ட்ரயல் தொடங்க முதலே என்ன அளக்கப்போறம் எண்டு அதில பதியணும். முடிவு வந்த பொறகு கோல்போஸ்ட்ட நகத்த ஏலா.

வெள்ளக்காரன் செய்தத வச்சு மருந்து குடுத்தா காணாதா? நாம ஏன் திரும்ப செய்யணும்?

சிலதுக்கு காணும். 2021ல பிரித்தானியாவில சனட் 2 எண்ட ட்ரயல் சொன்னது, மூளையின்ட ஒரு பகுதியில தொடங்குற வலிப்புக்கு லமோட்ரிஜின் முதல் மருந்தா நல்லம், பொதுவா வாற வலிப்புக்கு வல்புறொயேட் லெவட்டிராசெட்டத்த விட நல்லாக் கேக்குது எண்டு. ஆனா பிள்ளத்தாச்சி வல்புறொயேட் எடுத்தா பத்தில ஒரு பிள்ளைக்கு பிறப்புக் குறை வரலாம், படிப்பும் பாதிக்கும். இதத் திரும்ப இஞ்ச செய்து பாக்கத் தேவையில்ல. (வல்புறொயேட் எடுக்கிற பொம்புளப் பிள்ளைகள் இத வாசிச்சிட்டு உடன நிப்பாட்டாதீங்க, அது அதவிட ஆபத்து. கலியாணத்துக்கு முதலே டொக்டரோட கதைங்க.)

சிலதுக்கு காணாது. 2004ல தாய்வானில பாத்தாங்க, கார்பமசெபீன் எடுத்து தோல் உரிஞ்சு உயிராபத்தா வந்த 44 பேரில 44 பேருக்கும் எச்எல்ஏ-பி 1502 எண்ட ஒரே மரபணு வகை. வெள்ளக்காரரில அது மிச்சம் குறைவு. ஐரோப்பாவில மட்டும் ஸ்டடி செய்துகொண்டு இருந்திருந்தா இது பிடிபட்டே இராது. நம்மட கிளினிக்கில கார்பமசெபீன் அள்ளிக் குடுக்கிற மருந்து, அப்ப தமிழர், முஸ்லிம், சிங்களவர் எண்டு நம்மட ஆக்களில பாக்கிறது நம்மட வேலதான்.

காசில்லாத நாட்டால ஏலாது எண்டதயும் நான் ஒத்துக்கொள்ள மாட்டன். 2017ல டெல்லியில மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 116 பிள்ளைகள குலுக்கிப் பிரிச்சாங்க. ஒரு வருசத்தில, ஒப்பரேசன் செய்த பக்கம் 77 வீதம் பேர் வலிப்பில்லாம இருந்தாங்க, மருந்து மட்டும் எடுத்த பக்கம் 7 வீதம். பக்கத்து நாடுதானே.

நோன்பு காலத்தில காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கம் கிளினிக்கில கேக்கிற கேள்வி ஒண்டு இரிக்கு, "பகல் குளிசைய எப்பிடி எடுக்கிறது?" இதுக்கு லண்டன்ல இருந்து பதில் வருமெண்டு காத்திருக்க ஏலுமா?

அப்ப மட்டக்களப்பு, அம்பாறையில இருந்து ஏன் இவ்வளவு குறைவு?

2009 வரைக்கும் யுத்தம், அதுக்குள்ள சுனாமி. கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு மருத்துவ பீடம் வந்ததே கொழும்பு, பேராதனையோட பாக்கேக்க மிச்சம் பிந்தி. இதெல்லாம் எல்லாரும் சொல்றதுதான். நான் கண்ணால கண்டது வேறொண்டு, அது கிளினிக் கொப்பி.

நம்மட நாட்டில கிளினிக் கொப்பி நோயாளிட கையில. தம்பிட கொப்பி மூலை எல்லாம் சுருண்டு, உறை பிஞ்சு, ஷொப்பிங் பேக்குக்குள்ள சுத்தி அலுமாரிக்கு மேல கிடக்கும். பதினைஞ்சு வயசு வரைக்கும் அவனுக்கு என்ன மருந்து, எத்தன மில்லிகிராம், எப்ப மாத்தினது எண்டு இருந்த பழைய கொப்பி 2004 மார்கழி 26ல கடலோட போயிட்டு. அதோட ஆறு வருச வரலாறும் போச்சு. புதுக் கொப்பியில முதல் பக்கத்தில "நோன் எபிலெப்டிக்" எண்டு இங்கிலீஸில எழுதியிரிக்கு, ஏற்கனவே தெரிஞ்ச நோயாளி எண்டு அர்த்தம், அதுக்கு முன்னால வெறும் வெள்ளை. பழைய பதிவுகளப் பாத்து ஸ்டடி செய்ய வாற டொக்டருக்கு ஆஸ்பத்திரியில எடுக்கிறதுக்கு ஒண்டும் பெரிசா இல்ல, எல்லாம் கரையோரத்து அலுமாரிகளுக்கு மேல கிடக்கு.

அப்ப வாயால கேக்கணும். "கடைசியா எப்ப வந்தது?" எண்டா, "மாமாங்கத் தேருக்கு முதல்" எண்டுவாங்க. திருக்கோவில் பக்கம் போனா "ஆடியமாவாச கழிஞ்சு ஒரு கிழம". நான் ஒரு கையில திருவிழாக் கலண்டரும் மற்றக் கையில படிவமுமா குந்தியிருந்து திகதி கண்டுபிடிச்சிரிக்கன். ஒரு வீட்டில மட்டும் அப்பா ஒருவர் ஹார்ட்வெயார் கடைக் கலண்டரில சிவப்புப் பேனையால புள்ளி போட்டு வச்சிருந்தார், பெரிய வலிப்புக்கு பெரிய புள்ளி, சும்மா முழுசிக்கொண்டு நிண்டா சின்னப் புள்ளி, மூண்டு வருசக் கலண்டரும் ஆணியில அப்பிடியே தொங்குது. அவர் தோட்டக்காரர். நான் கண்டதில ஆக நல்ல தரவு அதுதான்.

இன்னொண்டு ஒளிப்பு. பொம்புளப் பிள்ளைக்கு வலிப்பெண்டா கலியாணம் குழம்புமெண்டு தூர ஊரில போய் மருந்தெடுப்பாங்க, வீட்டுக்கு ஆள் போய்க் கேட்டா "அப்பிடி ஒண்டும் இல்லயே" எண்டுவாங்க. அப்ப கணக்கெடுப்பில வாற எண்ணிக்க உண்மையவிடக் குறைவா இரிக்கும்.

ஸ்டடிக்கு வரச்சொல்லிக் கேட்டா போகலாமா?

போகலாம். ஆனா நெறிமுறைக் குழுட அனுமதி இரிக்கா எண்டு கேளுங்க, தமிழில எழுதின தாளை வாசிச்சிட்டு கையெழுத்து வைங்க, விருப்பமில்லாட்டி இடையில விலகலாம், விலகினா உங்கட கிளினிக் மருந்து நிக்காது.

தமிழில எழுதின தாள் எண்டதும் ஒரு கத ஞாபகம் வருது. ஒரு ஸ்டடிக்கு, பேர் வேணாம், இங்கிலீஸ் கேள்விக்கொத்த ஆரோ மிசினில போட்டு மொழிபெயர்த்து அனுப்பியிருந்தாங்க. வலிப்புக்கு இங்கிலீஸில இரிக்கிற சொல்லுக்கு பறிச்செடுக்கிறது எண்டும் ஒரு கருத்து. தாளில "கடந்த மாதம் உங்களுக்கு எத்தனை கைப்பற்றல்கள் ஏற்பட்டன?" எண்டு இரிக்கு. நான் வாசிக்க, அந்த அம்மா என்ன மேலயும் கீழயும் பாத்திட்டு "காணி முந்தியே போயிட்டு மகள், இனி எடுக்க என்ன இரிக்கு?" எண்டா. அங்க நான் சிரிச்சன், வீட்ட வந்து சிரிப்பு வரல்ல. எனக்கு முதல் அந்தத் தாளோட திரிஞ்ச ஆக்களுக்கு எத்தன பேர் "இல்ல" எண்டு பதில் சொல்லியிருப்பாங்க? அந்த "இல்ல" எல்லாம் பூச்சியமாத்தானே பதிவாகும்.

ரெண்டு வருசமா வரல்ல, குளிசைய நிப்பாட்டலாம் எண்டு ஆராய்ச்சி சொல்லுதாமே?

அப்பிடிச் சொல்லல்ல. 1991ல பிரித்தானியாவில 1,013 பேர், எல்லாரும் ரெண்டு வருசமாவது வலிப்பில்லாம இருந்த ஆக்கள். பாதிப்பேர் மருந்தத் தொடர்ந்தாங்க, பாதிப்பேர் மெதுமெதுவா நிப்பாட்டினாங்க. அடுத்த ரெண்டு வருசத்தில தொடர்ந்த ஆக்களில 78 வீதம் வலிப்பில்லாம இருந்தாங்க, நிப்பாட்டினவங்களில 59 வீதம். 59ஐப் பாத்து "பாதிக்கு மேல தப்பிட்டாங்க" எண்டும் சொல்லலாம், 41ஐப் பாத்து பயப்படவும் செய்யலாம். பைக் ஓடுறவனுக்கும், தோணியில போறவனுக்கும், வீட்டில இரிக்கிற ஆளுக்கும் ஒரே பதில் இல்ல. டொக்டரோட கதைச்சுத்தான் முடிவு. திடீரெண்டு நிப்பாட்டவே வேணாம்.

வலிப்பு வந்தா கையில திறப்புக்கோர்வை குடுக்கிறது வேலை செய்யுமா?

இல்ல. ஆனா அனேகமான வலிப்பு ரெண்டு மூண்டு நிமிசத்தில தானா நிக்கும், அதனால திறப்புக்கு நல்ல பேர் கிடைச்சிட்டு. ஒப்பிட்டுப் பாக்க ஆள் இல்லாத ஸ்டடி இப்பிடித்தான் ஏமாத்தும். ஆள ஒரு பக்கம் சரிச்சு விடுங்க, வாய்க்குள்ள ஒண்டும் வைக்காதீங்க, நேரத்தப் பாருங்க, அஞ்சு நிமிசம் தாண்டினா அம்புலன்ஸ் நம்பர் 1990க்கு அடிங்க.

உங்களிட்ட காசு இருந்தா எந்த ஸ்டடிய செய்வீங்க?

புது மருந்து ஒண்டும் வேணாம். 2022ல உலக சுகாதார நிறுவனம் போட்ட பத்து வருசத் திட்டத்தில, 2031க்குள்ள 80 வீதமான ஆக்களுக்கு மலிவான மருந்து கிடைக்கணும், மருந்தெடுக்கிற ஆக்களில 70 வீதம் பேருக்கு வலிப்பு கட்டுப்படணும் எண்டு இலக்கு இரிக்கு. அதே 2022லதான் நம்மட நாட்டில மருந்துத் தட்டுப்பாடு, தம்பிட குளிசைக்கு நான் பார்மசி பார்மசியா அலைஞ்சன். அந்த வருசம் இந்த ரெண்டு மாவட்டத்திலயும் எத்தன பேருக்கு நிண்டிருந்த வலிப்பு திரும்ப வந்தது எண்டு கேக்கிற ஸ்டடி. கொப்பிகள அலுமாரிக்கு மேல இருந்து இறக்கி, பக்கம் பக்கமா போட்டோ எடுத்து, நம்மட தமிழில கேட்டு, அஞ்சு வருசம் விடாமப் பின்னால போறது. அந்தத் தோட்டக்காரரையும் கூட்டிக்கொண்டு போவன், புள்ளி போடப் பழக்க.